நாய்க்குட்டிக்குப் பேப்பர் விரித்தேன்

உங்களுக்கு எதற்கு இது? நாய் எங்கே ஒன்றுக்குப் போகிறது, யார் பழக்கினார்கள், எத்தனை நாள் ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இல்லை. வாங்கப் போகிறீர்களா? அதுவும் இல்லை. பிறகு என்ன கேள்வி?

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் இப்படித்தான். சோபாவில் சாய்ந்து, நான் போட்ட காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நாய் எழுந்து, கிரில் கதவுப் பக்கம் போய் நின்று ஒரு தடவை குரைக்கும். திறந்துவிட்டால் வெளியே லோங்காங்கில், அந்தச் சாக்கடை ஓரத்தில், வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வந்து படுத்துக்கொள்ளும். உடனே வாயைப் பிளப்பார்கள். "ஐயோ, எவ்ளோ அறிவு! யாரு ஆன்ட்டி பழக்குனா?" நான் நாலு பிள்ளை பெற்று நாலுக்கும் இதே வேலையைப் பழக்கியிருக்கிறேன். அதற்கு ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை.

சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆனால் என் மகன் காதுக்குப் போகக் கூடாது. அவன் இதைப் படிக்க மாட்டான். ஃபோனில் கால்பந்து தவிர அவன் எதையும் படிப்பதில்லை. நீங்கள் போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

என் பேத்தி பள்ளி முடித்து, யூனிவர்சிட்டிக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிக்க வடக்கே போனாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான், என் மகன், அவன் பெண்டாட்டி. மருமகளுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ் வேலை. காலையில் ரயில் ஏறிப் போவாள், சாயங்காலம் ரயில் இறங்கி வருவாள். மகள் போன பிறகு அவள் மூன்று பேருக்கு நாலு பேர் சோறு வடித்தாள். மிஞ்சின சோற்றை மறுநாள் நான் பிரட்டித் தின்றேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஏம்மா, அரிசி டின்னுல நம்பர் எழுதி வெக்கட்டுமா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் அவள் துணி போடுகிற பிளாஸ்டிக் கூடையோடு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கூடைக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி.

"ஆபீஸ்ல கூட வேலை செய்யிற பொண்ணு வெச்சிருந்தா அத்தை. அவங்க ஃப்ளாட்ல நாய் வெக்கக் கூடாதாம். பாவம், யாரும் எடுத்துக்கல."

"யாரும் எடுத்துக்காததை நாம எடுத்துக்கணும்னு ஏதாவது வேண்டுதலா?"

"ரெண்டு மாசம்தான் ஆகுது அத்தை. பேபி."

பேபி என்றால் என்ன அர்த்தம் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பார்த்த இடமெல்லாம் மூத்திரம் என்று அர்த்தம். அதற்கு ஒரு பேரும் வைத்தாள். என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன். நாய்க்கு வைக்கிற பேரா அது, சோப்புக்கு வைக்கிற பேர். நான் "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். இன்றுவரை அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

என் மகனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவனுக்குச் சுத்தம் என்பது ஒரு வியாதி. காருக்குள் யாரும் பிஸ்கட் தின்னக் கூடாது. செருப்பெல்லாம் வாசலில் ஒரே பக்கம் மூக்கை வைத்து நிற்க வேண்டும். சின்ன வயதில் மூன்றரை வயதுவரை பாயை நனைத்தவன் இவன்தான். இப்போது தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் யாருடையது என்று விசாரணை வைக்கிறான். குட்டி வந்த முதல் நாளே அவன் செருப்புக்குள் ஒன்றுக்குப் போனது. செருப்புக்கு மேலே இல்லை, உள்ளே.

அவன் கத்தவில்லை. கத்துகிறவனாக இருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான். "தீபாவளி வரைக்கும் டைம். அப்பாவுக்குப் படையல் போடுற அன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு பார்த்தேன், பந்திங்ல என் ஃப்ரெண்டு கெபுன்ல கொண்டுபோய் விட்டுருவேன். அங்க நாலு நாய் இருக்கு, இதோட அஞ்சு."

அந்தச் செம்பனைத் தோட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். உரமூட்டை வைக்கிற கொட்டகைக்கு நாலு பக்கமும் நாலு நாய், நாலுக்கும் சங்கிலி. யாராவது வந்தால் குரைக்க வேண்டும், யாரும் வராவிட்டால் சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவுதான் அதுங்களுக்கு வாழ்க்கை.

மருமகள் குட்டியைத் தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டாள். படையலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி. பயிற்சி என்றால், ஃபோனில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தான். எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அவன் வீட்டில் கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டின தூரம் புல்லு. எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் கார், காருக்கு அந்தப் பக்கம் கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் லோங்காங். நாய் புல்லை மோந்து பார்க்க வேண்டும் என்றால் பூச்சட்டியில்தான் ஏற்றிவிட வேண்டும். இதை அந்த வெள்ளைக்காரனிடம் யார் சொல்வது?

முதலில் மெத்தை மாதிரி ஒன்று வாங்கினாள். நாய் அதன் மேல் போனால் உறிஞ்சிக்கொள்ளுமாம். குட்டி அதன் மேல் ஏறிச் சுகமாகத் தூங்கியது. தூங்கி எழுந்து, இறங்கி வந்து, தரையில் போனது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. படுக்கிற இடத்தில் யார் போவார்கள், என் மகனைத் தவிர? மூன்றாம் நாள் அதைக் கடித்துக் கிழித்துப் போட்டிருந்தது. ஹாலெல்லாம் பஞ்சு. மருமகள் வேலையிலிருந்து வருவதற்குள் நான் ஒருத்தியாகப் பொறுக்கினேன்.

அடுத்தது மணி. அதுவும் வெள்ளைக்காரன் யோசனைதான். ஒவ்வொரு தடவையும் மணியை அடித்து, உடனே குட்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்தி, வேலை முடிந்ததும் ஒரு துண்டு பிஸ்கட். கொஞ்ச நாளில் மணிச் சத்தம் கேட்டாலே அதற்கு வந்துவிடுமாம். லீவு போட்டுவிட்டு நாலு நாள் இதையே செய்தாள். "குட் கேர்ல், குட் கேர்ல்" என்று வாசலில் நின்று கை தட்டுவாள். போகிற வருகிற மோட்டார்காரனெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த நாய் கெட்டிக்கார நாய். நாலே நாளில் பழகிக்கொண்டது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம். நான் குளித்து, விளக்கு ஏற்றி, சாமி மேடை முன்னால் நின்று கற்பூரம் காட்டிக்கொண்டே மணியை அடித்தேன். எங்கிருந்தோ ஓடி வந்தது. என் காலுக்கும் மேடைக்கும் நடுவில் வந்து குந்தியது. நான் அடிப்பதை நிறுத்தும்வரை அதுவும் நிறுத்தவில்லை.

"பழகிருச்சும்மா! உன் வெள்ளைக்காரனுக்கு போன் போட்டுச் சொல்லு!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

மருமகள் ஓடி வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். நல்ல வேளை, மகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. இரண்டு பேரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளைக்காரன் வீட்ல பூஜை கிடையாதே, அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நம்ம வீட்ல மணி யாருக்கு அடிக்கிறதுன்னு கூடவா நீ யோசிக்கல?"

ஒரு வாரம் இதையே சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவள் சாம்பாருக்கு உப்புப் போட்டால், "மணி அடிச்சுப் போட்டியா?" என்று கேட்டேன். ரயிலுக்குக் கிளம்பினால், "மணி அடிச்சதும் ஏறிரு" என்றேன். நாள் போய்க்கொண்டிருந்தது. காலண்டரில் படையல் நாளை மகன் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

ஒரு நாள் நானே அவளைக் கூப்பிட்டேன். "இங்க பாரு. மெத்தையும் வேணாம், மணியும் வேணாம். பழைய பேப்பர் போதும். குட்டியை என்கிட்ட விடு."

"அத்தை, உங்களுக்கு நாய் பழக்கத் தெரியுமா?"

"உன் புருஷனையே நான்தான் பழக்கினேன்."

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய தமிழ்ப் பேப்பர் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பேன். மீன் கழுவ, கண்ணாடி துடைக்க, பலாப்பழம் வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். நாய்க்கு விரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். சாமி படம் இருக்கிற பக்கத்தையும் செத்தவர்கள் படம் போட்டிருக்கிற நினைவஞ்சலிப் பக்கத்தையும் தனியாக எடுத்து வைத்தேன். நாய் மூத்திரத்துக்கு அடியில் யார் வீட்டு அப்பாவோ ஆத்தாவோ கிடக்கக் கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் படம் போட்ட பக்கத்தை அடுக்கில் மேலாக வைத்தேன். அதைத் தினம் முதலில் விரித்தேன்.

பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அங்கே பேப்பர். தின்று முடித்ததும் குட்டியை அதன் மேல் நிறுத்தி, கைப்பிள்ளையைக் காலில் வைத்துக்கொண்டு சொல்வோமே, அதே மாதிரி "உஸ்ஸ்ஸ்" என்றேன். இறங்கி ஓடினால் தூக்கி வந்து திரும்ப நிறுத்தினேன். போனால் அரை பிஸ்கட், போகாவிட்டால் ஒன்றும் இல்லை. நனைந்த பேப்பரில் ஒரு துண்டைப் புதுப் பேப்பருக்கு அடியில் வைத்தேன், வாசனை தெரிய வேண்டும் அல்லவா.

மருமகள் சாயங்காலம் வந்து நின்று பார்த்தாள். "அத்தை, அது குழந்தை இல்ல. உஸ்ஸுன்னா புரியாது லா."

"நீதானே பேபின்னே?"

"உஸ்ஸ்ஸ்" என்று இன்னொரு தடவை சொன்னேன். குட்டி குந்தியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து நாளில் அது நான் சொல்லாமலே பேப்பரைத் தேடிப் போக ஆரம்பித்தது. ஹாலில் விளையாடிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்று, எதையோ மறந்துவிட்ட ஆள் மாதிரி யோசித்து, விறுவிறு என்று பின்கட்டுக்குப் போகும். முடித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து பிஸ்கட் டின்னைப் பார்க்கும். என் மகன் ஒரு நாள் இதைக் கவனித்தான். குட்டிக்குப் பயந்து மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்த செருப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தான்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட் வழியாகச் சொன்னேன். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். "வெள்ளைக்காரன் சொன்னது ஒண்ணும் நடக்கலம்மா. வெறும் பேப்பர். பேப்பரைக் கண்டா போதும், போயிரும்."

"எந்தப் பேப்பரைக் கண்டாலுமா அக்கா?"

"எந்தப் பேப்பரா இருந்தா என்ன? பேப்பர்னா பேப்பர்."

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இந்த எதிர்வீட்டுக்காரிக்கும் எனக்கும் இருபது வருஷமாக ஒரு சண்டை. வாய் திறந்து போட்டதில்லை. தீபாவளிக்கு அவள் முறுக்கு எனக்கு வரும், என் முறுக்கு அவளுக்குப் போகும். என் முறுக்கு வாயில் போட்டால் கரையும். உளுந்து வறுக்கிற பதம், வெண்ணெய், கெட்டித் தேங்காய்ப் பால், எதையும் நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அவள் முறுக்கை உடைக்க அம்மிக் குழவி வேண்டும். என் டின் போன மூன்றாம் நாள் காலியாகத் திரும்பி வரும். அவள் டின் பொங்கல்வரை எங்கள் வீட்டில் இருக்கும். இதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பேச என்ன இருக்கிறது?

படையலுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் முறுக்குப் போட உட்கார்ந்தோம். மகன் வேலைக்குப் போயிருந்ததால் கார் நிற்கிற இடம் காலி. லீவு போட்டிருந்த மருமகள் அங்கே கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு பொரித்தாள். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து பிழிந்தேன். எப்போதும் செய்வதுபோல் டிவியிலிருந்து மாடிப்படிவரை பேப்பரை விரித்து, அதன் மேல் அச்சைச் சுற்றிச் சுற்றி வரிசையாகப் பிழிந்து வைத்தேன். ஒரு பக்கம் பிழிந்தது, ஒரு பக்கம் பொரித்து எண்ணெய் வடியப் போட்டது. தரையே தெரியாத அளவுக்குப் பேப்பர். மாடிப்படிக்குக் கீழே இருந்ததெல்லாம் தீர்ந்து, பின்கட்டில் நாய்க்கென்று வைத்திருந்த நல்ல பேப்பரையும் எடுத்து வந்துவிட்டேன்.

பின்கட்டுக் கதவில் இடுப்பு உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. குட்டி அதற்கு அந்தப் பக்கம். காலையில் அந்த மூலையைக் கழுவிவிட்டு நான் பேப்பர் போடவில்லை. அது முனகியது. "சும்மா இரு, வேலை கெடக்குது," என்றேன். திரும்ப முனகியது. திரும்ப அதட்டினேன். பிறகு தேங்காய்ப் பால் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் பெரிய சட்டியோடு திரும்பி வந்ததில், தடுப்பைக் காலால் தள்ளியது நினைவிருக்கிறது. சாத்தியது நினைவில்லை.

அடுத்த ஈட்டுக்கு மாவு பிசையலாம் என்று சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் குட்டி ஹாலில் நிற்கிறது. அது ஓடவில்லை, குதிக்கவில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் இவ்வளவு பேப்பரை அது பார்த்ததில்லை. முறுக்குக்கும் முறுக்குக்கும் நடுவில் காலை எடுத்து வைத்து, ஒன்றையும் மிதிக்காமல், நட்ட நடுவுக்குப் போனது. அங்கே குந்தியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் போனது. பிறகு போன வழியே திரும்பி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட் டின் எங்கே என்று பார்த்தது.

மருமகள் கையில் ஜல்லிக்கரண்டியோடு வாசலில் நின்றாள். பேப்பரில் ஈரம் பரவிப் பரவி ஒவ்வொரு முறுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "மணி அடிச்சீங்களா அத்தை?" என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை.

"அத்தை, அது பேப்பர்லதான் போயிருக்கு," என்றாள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் போயிருக்கு."

"எனக்குக் கண்ணு தெரியுது."

போய் அடுப்பை அணைத்தாள். வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். "அவர் கேக்க மாட்டாரு. பந்திங்குக்கு அனுப்பிருவாரு. சங்கிலி போட்டுக் கட்டிருவாங்க. இவ இதுவரைக்கும் தனியா தூங்குனதே இல்ல, அத்தை."

"அழுகாத. மாவுல உப்பு ஏற்கெனவே சரியாத்தான் இருக்கு."

அப்போதுதான் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தீபாவளி என்று ஆபீஸில் அவனைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் ஏழு மணிக்கு வருகிறவன். அடுப்பு வழியில் இருந்ததால் காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

யோசிக்க எல்லாம் நேரம் இல்லை. யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். எட்டுத் தேங்காய்ப் பால் அது, நானே துருவி நானே பிழிந்தது. சட்டியைப் பிடித்து, நாய் போன இடத்தைப் பார்த்து அப்படியே சாய்த்தேன். வெள்ளையாகப் பாய்ந்து போனது. டிவி மேஜைக்கு அடியில் போனது, சோபாவுக்கு அடியில் போனது. பிழிந்து வைத்த முறுக்கெல்லாம் தோணி மாதிரி நகர்ந்தது.

"நாயைப் பின்னால கொண்டுபோ. தடுப்பைச் சாத்து," என்றேன் மருமகளிடம். அவள் எழுந்து ஓடினாள்.

மகன் வாசலில் நின்று பார்த்தான். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டான். அவன் செருப்பைக் கழற்ற மறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"என்னாம்மா இது?"

"பார்த்தா தெரியல? தேங்காப்பாலு."

"எப்படிக் கொட்டுச்சு?"

"சட்டி நழுவிருச்சு."

அவன் கண் பின்கட்டுப் பக்கம் போனது. "நாய் வந்துச்சா?"

"நாய் மேல பழி போட்டுட்டு நான் தப்பிச்சுக்கலாம்னுதான் பார்த்தேன்," என்றேன். "என்ன செய்யிறது, அது பின்னால தூங்குது. உன் பொண்டாட்டி பார்த்துட்டா. சாட்சி இருக்கு."

பின்கட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மருமகள் குட்டியின் வாயில் பிஸ்கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தாளாம், குரைக்காமல் இருக்க.

மகன் பேப்பருக்கு நடுவில் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் கை ஆடியது. அவன் அதை நடுக்கம் என்று நினைத்துவிட்டான்.

"வயசாயிருச்சும்மா உங்களுக்கு," என்றான். அவன் அப்படி மெதுவாக என்னிடம் பேசி வருஷமாகிறது. "இதெல்லாம் இனிமே வேணாம் லா. நான் கடையில வாங்கிட்டு வரேன்."

கடை முறுக்கு. எங்கள் வீட்டுக்கு. அந்த நேரம் பார்த்து நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனே மன்னிப்புக் கேட்டு, மாவு வாங்கி வந்து, மறுபடி பிசைந்துகொடுத்திருப்பான். நாய் பந்திங்குக்குப் போயிருக்கும்.

"வாங்கிட்டு வா," என்றேன். "ஓமம் போட்டதா பார்த்து வாங்கு."

அதோடு விட்டானா? கிளினிக்குக்குக் கூட்டிப்போய் பிரஷர் பார்க்க வைத்தான். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவன் நம்பவில்லை. வேறு டாக்டரிடம் போகலாம் என்றான்.

அன்றைக்கு ஹாலில் இருந்த முறுக்கில் ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. தள்ளியிருந்தது, நனையாதது, ஏற்கெனவே பொரித்தது, எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிப் போட்டேன். "இது தொலைவுல இருந்துச்சே அத்தை, இதுல படலையே," என்று மருமகள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பொய் சொல்ல என் வாய் கூசாது. நாய் நடந்த பேப்பரில் இருந்ததை இன்னொருத்தர் வாயில் போட என் கை போகாது. அதிலும் மூலை வீட்டு மக்சிக்குக்கு, அந்தப் பெரியம்மாவுக்கு, வருஷா வருஷம் என் கையால் ஒரு டின் போகும். மலாய்க்கார வீடு, நாய் பட்டதைத் தொட மாட்டார்கள். அவர்கள் நம்பித்தான் என் கையில் வாங்குகிறார்கள்.

அப்புறம் வீட்டுக்குள் இருந்த பேப்பர் அத்தனையும் வெளியே போனது. காலண்டரைத் தவிர. காலண்டர் சுவரில் உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. ஒரே ஒரு தாளை மட்டும் வெளியே லோங்காங் ஓரத்தில் விரித்து, பறக்காமல் இருக்க மேலே செங்கல் வைத்தேன். தின்ன வைத்ததும் மருமகள் தூக்கிக்கொண்டு ஓடுவாள், நான் பின்னாலேயே போய் "உஸ்ஸ்ஸ்" என்பேன். இரண்டு நாளும் அவள் ஆபீஸுக்குப் போகவில்லை, நான் டிவி பார்க்கவில்லை. வேறு எங்கேயும் பேப்பர் இல்லாததால் அதற்கும் வேறு வழி இல்லை. அடக்கிக்கொண்டு கிரில் கதவில் போய் முட்டியது.

படையல் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, ஆட்டுக்கறி, கோழி, வடை, அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் எல்லாம் வைத்தோம். மகன் கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி நடந்தான். சோபாவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். சாமி மேடைக்கு அடியில் தடவிப் பார்த்தான். விரலை மோந்தும் பார்த்தான். மருமகள் கையில் தட்டோடு அசையாமல் நின்றாள். குட்டி அவள் காலடியில் படுத்திருந்தது.

சுற்றி முடித்து வந்தான். "ம்ம்," என்றான்.

"என்ன சொன்னாரு அத்தை?" என்று அவள் என் காதில் கேட்டாள்.

"இருக்கட்டும்னு சொல்றான். அவங்க அப்பனும் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போது இப்படித்தான் ம்ம்னாரு."

லோங்காங் ஓரத்துப் பேப்பரைத் தினம் கொஞ்சம் கிழித்துச் சின்னதாக்கினேன். உள்ளங்கை அளவு வந்ததும் அதையும் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். நீங்கள் வாய் பிளந்து பார்க்கிற வித்தை இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மூலை வீட்டு மக்சிக்கிடம் பாதி உண்மையைச் சொன்னேன். "இப்போ வீட்டுல நாய் இருக்கு மக்சிக், அதனால இந்த வருஷம் முறுக்கு இல்ல," என்று மலாயில் சொல்லிவிட்டு, கடையில் கட்டித் தந்தபடியே ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன். "தாப்பா, தாப்பா," பரவாயில்லை என்று சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரி முறுக்குத் தட்டை வாங்கின இடத்திலேயே ஒன்றை உடைத்து வாயில் போட்டாள்.

"என்னக்கா, கடை முறுக்கு மாதிரி இருக்கு?"

"மாதிரி என்ன? கடை முறுக்குதான்."

"ஐயோ, ஏன்க்கா?"

"கை நடுங்குதும்மா. தேங்காப்பாலைக் கொட்டிட்டேன். இனிமே நமக்கு முடியாது போல இருக்கு."

அவள் முகத்தில் இருபது வருஷத்துத் தீபாவளி ஒன்றாக வந்தது. "கவலைப்படாதீங்க அக்கா, இனிமே வருஷா வருஷம் நானே உங்களுக்கும் சேர்த்துப் போட்டுத் தரேன்," என்று சொல்லி, மறுநாளே இரண்டு பெரிய டின் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். என் வீட்டு நாய்க்கும் ஒன்று போட்டேன். அது மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது, காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் கேட்டில் நின்று கூப்பிட்டாள். "முறுக்கு எப்படி இருந்துச்சு அக்கா?"

"கேக்கணுமாம்மா?" என்றேன். "எனக்கு ஒண்ணே போதும்னு ஆயிருச்சு. எங்க நாய்க்கும் ஒண்ணு போட்டேன், அசந்து போய்ப் படுத்ததுதான், இன்னும் எழுந்திரிக்கல."